ஹெலிகாப்டர் பறக்கலைன்னா ரேஸ் கிடையாது!

ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். திராட்சைத் தோட்டக்காரர். பையன் காலேஜ் இரண்டாம் ஆண்டு. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனில் பைக் ரேஸ் வீடியோ பார்ப்பானாம். அவரும் கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 'யாராச்சும் விழுந்தா அஞ்சே நிமிஷத்துல ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டுப் போகுதுங்க. நம்ம ஊர் பைபாஸ்லயும் பசங்க ராத்திரி பத்து மணிக்கு மேல ரேஸ் விடுறாங்க. விழுந்தா யாரு வருவா? நமக்கும் ஒரு ஹெலிகாப்டர் வந்தா என்ன?' என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. இந்த வாரம் அதையே எடுத்துக்கொள்வோம்.

அவர் பார்த்தது பெரும்பாலும் 'ஐல் ஆஃப் மேன் டிடி' பந்தயமாகத்தான் இருக்கும். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கிற சின்னத் தீவு அது. மொத்தப் பரப்பே 572 சதுர கிலோமீட்டர். அங்கே 1907-லிருந்து மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. இதற்கென்று கட்டிய தளம் எதுவும் இல்லை. பால்காரரும் பள்ளிக்கூட பஸ்ஸும் போகிற சாதாரண ரோட்டை மூடிவிட்டு, அதிலேயே ஓட்டுகிறார்கள். ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வளைவுகள் மட்டும் 200-க்கு மேல். வீட்டுச் சுவர், கல் வேலி, மரம், மின்கம்பம் எல்லாம் ரோட்டை ஒட்டியே நிற்கும். நடுவில் ஒரு மலையும் ஏறி இறங்க வேண்டும். 2023-ல் பீட்டர் ஹிக்மன் என்ற வீரர் ஒரு சுற்றைச் சராசரியாக மணிக்கு 219 கிலோமீட்டர் வேகத்தில் முடித்தார். இது உச்ச வேகம் இல்லை, சராசரி!

இப்படி ஓட்டினால் உயிர் போகாமல் இருக்குமா? இதுவரை அந்த மலைப் பாதையில் 250-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருக்கிறார்கள். 2022-ம் ஆண்டு பந்தயத்தில் மட்டும் 6 பேர். ஹெலிகாப்டர் இருந்தும் இந்தக் கணக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோவில் வருகிற ஹெலிகாப்டரைப் பார்த்து 'விழுந்தாலும் காப்பாத்திடுவாங்க' என்று எந்தப் பையனும் நினைத்துவிடக் கூடாது.

ஏன் ஹெலிகாப்டர்?

காரணம் ரொம்ப எளிது. 60 கிலோமீட்டர் ரோட்டையும் மூடியாயிற்று. அதில் 40, 50 பைக் பறந்துகொண்டிருக்கிறது. இருபதாவது கிலோமீட்டரில் ஒருவர் விழுந்தால் ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும்? ரோட்டில் போனால் எதிரே வருகிறவன் வந்து மோதுவான். ரேஸையே நிறுத்தினால்தான் வண்டி போக முடியும். ஆகவே ஆகாயம்தான் வழி.

1963-ல்தான் டிடி பந்தயத்துக்கு முதன்முதலாக மீட்பு ஹெலிகாப்டர் வந்தது. அந்த ஆண்டே டோனி காட்ஃப்ரே என்ற வீரர் விழுந்தார். ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய் டக்ளஸ் நகரத்து நோபிள்ஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஹெலிகாப்டர் இல்லாத டிடி கிடையாது.

காயம்பட்டவரை ஹெலிகாப்டரில் தூக்குவது அதற்கும் முன்னால் தொடங்கிய விஷயம். 1944 ஏப்ரலில், இரண்டாம் உலகப் போரின்போது, பர்மா காட்டில் மாட்டிக்கொண்டவர்களை ஓர் அமெரிக்க விமானி ஹெலிகாப்டரில் மீட்டார். அந்தக் காலத்து ஹெலிகாப்டர் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் தூக்கும். ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு கொரியப் போரில் அது வழக்கமாயிற்று. 1970-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலப் போலீஸும், அதே ஆண்டு ஜெர்மனியில் மூனிக் நகரமும் சாலை விபத்துக்கென்றே ஹெலிகாப்டர் சேவையைத் தொடங்கின. 'அடிபட்ட முதல் ஒரு மணி நேரம்தான் பொன்னான நேரம்' என்று இன்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அதைப் பரப்பியவர் அதே மேரிலாந்தில் வேலை பார்த்த ஆடம்ஸ் கௌலி என்ற அறுவை மருத்துவர்.

மேகம் இறங்கினால் ஆட்டம் நிற்கும்

என்னைக் கேட்டால் டிடி-யில் நாம் பார்க்க வேண்டியது ஹெலிகாப்டரை இல்லை. அதைச் சுற்றி ஒரு விதி இருக்கிறது, அதைத்தான்.

மலை மேல் மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் பறக்க முடியாது. ஹெலிகாப்டர் பறக்க முடியாவிட்டால் ரேஸ் தொடங்காது. ரோடு காய்ந்திருக்கலாம், வீரர்கள் தலைக்கவசம் மாட்டி நிற்கலாம், ஆயிரக்கணக்கான பேர் டிக்கெட்டும் கப்பல் கட்டணமும் கொடுத்து வந்து வேலியோரம் உட்கார்ந்திருக்கலாம். மேகம் விலகுகிற வரைக்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். விலகாவிட்டால் அன்றைக்குப் பந்தயம் இல்லை.

கார் பந்தயத்திலும் இதே கதைதான். 2017-ல் ஷாங்காயில் ஃபார்முலா 1 பயிற்சி ஓட்டம் நடக்கவில்லை. நகரத்து மருத்துவமனையில் ஹெலிகாப்டர் இறங்க முடியாத அளவுக்குப் புகைமூட்டம். 2020 அக்டோபர் 9 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்திலும் மூடுபனியால் ஹெலிகாப்டர் பறக்க முடியாமல் நாள் முழுக்கப் பயிற்சி ரத்து. கோடிக்கணக்கில் பணம் புரளும் ஆட்டம். ஒரு ஹெலிகாப்டருக்காகக் கைகட்டி நின்றது.

இதன் பொருள் என்ன? 'காப்பாற்ற வழி இருந்தால்தான் ஆபத்தான காரியத்தைத் தொடங்குவேன்' என்பதுதான். நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஆட்டம். விழுந்த பிறகு 'யாராச்சும் 108-க்கு போன் போடுங்கப்பா!'

பைக்கில் பறந்த டாக்டர்

இந்தக் கதையில் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. ஜான் ஹைண்ட்ஸ். வட அயர்லாந்து டாக்டர். மயக்கவியல், தீவிர சிகிச்சை இரண்டிலும் வல்லவர். அயர்லாந்திலும் ஐல் ஆஃப் மேன் மாதிரியே ஊர் ரோட்டில் பைக் பந்தயம் உண்டு. அந்தப் பந்தயங்களில் இவர் என்ன செய்வார் தெரியுமா? முதுகில் மருத்துவப் பையை மாட்டிக்கொண்டு, தானே ஒரு வேகமான பைக்கில் முதல் சுற்றில் வீரர்களின் பின்னாலேயே ஓட்டுவார். யாராவது விழுந்தால் சில நொடிகளில் பக்கத்தில் இருப்பார். அடிபட்டவர் ஆஸ்பத்திரி போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆஸ்பத்திரியே ரோட்டோரம் வந்து நிற்கும்.

'பறக்கும் டாக்டர்' என்று பேர் எடுத்த அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. பிரிட்டனில் மற்ற பகுதிகளில் எல்லாம் மருத்துவ ஹெலிகாப்டர் இருக்க, வட அயர்லாந்தில் மட்டும் இல்லை. பந்தய வீரர்களுக்காக மட்டும் அவர் அதைக் கேட்கவில்லை. டிராக்டர் கவிழ்ந்த விவசாயிக்கும், ராத்திரி ரோட்டில் அடிபட்ட குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் கேட்டார். அமைச்சர்களைப் பார்த்தார், பேசினார். 2015 ஜூலையில் டப்ளினுக்கு அருகே ஒரு பந்தயத்தின் பயிற்சியில் மருத்துவப் பணியில் இருந்தபோது, அவர் ஓட்டிய பைக்கே விபத்துக்குள்ளாகி இறந்துபோனார். வயது 35.

அவர் போன பிறகு அந்தக் கோரிக்கை ஊர்க் கோரிக்கை ஆயிற்று. கையெழுத்து இயக்கம் நடந்தது. 2017 ஜூலையில் வட அயர்லாந்துக்கு மருத்துவ ஹெலிகாப்டர் வந்தது. இன்றும் அது பெரும்பாலும் பொதுமக்கள் தரும் நன்கொடையில்தான் பறக்கிறது. அதில் வருகிறவர்கள் மருத்துவரும் துணை மருத்துவரும். தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் விழுந்த இடத்திலேயே மூச்சுக்கு வழி செய்கிறார்கள், ரத்தத்தை நிறுத்துகிறார்கள். ஹைண்ட்ஸ் பைக்கில் செய்ததையே இவர்கள் ஹெலிகாப்டரில் செய்கிறார்கள். காப்பாற்றுவது டாக்டரின் கை. ஹெலிகாப்டர் அந்தக் கையை வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

நம் தமிழ்நாட்டுக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் பழைய உறவு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் சும்மா கிடந்தது. அங்கேதான் பல்லாண்டுகள் பைக்கும் காரும் ஓடின. பொங்கல் கழிந்தால் சோழவரம் ரேஸ் என்று காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. உங்கள் வீட்டுத் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் வந்தது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி கார் பந்தயமே நடந்தது.

இந்தத் தளங்கள் ஐல் ஆஃப் மேன் மாதிரி இல்லை. இருங்காட்டுக்கோட்டைத் தளத்தின் ஒரு சுற்று 4 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆம்புலன்ஸ் தளத்துக்குள்ளேயே நிற்கும். சிவப்புக் கொடி காட்டினால் எல்லா வண்டியும் நிற்கும், ஆம்புலன்ஸ் ஓரிரு நிமிடத்தில் போய்விடும். ஓடுபாதை ஓரத்தில் மண், சரளை, டயர் தடுப்பு எல்லாம் உண்டு.

அப்படியும் இழப்பு வந்திருக்கிறது. 2023 ஜனவரி 8 அன்று மூத்த கார் பந்தய வீரர் கே.இ.குமார் அங்கே நடந்த விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் விழுந்து இறந்தான். பதின்மூன்று வயது! ஆம்புலன்ஸ் இருந்தது, மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். முடியவில்லை. இத்தாலியில் முகெல்லோ தளத்தில் 2021 மே மாதம் ஜேசன் துபாஸ்கியே என்ற 19 வயது வீரர் விழுந்தபோது ஹெலிகாப்டரும் இருந்தது, ஃபுளோரன்ஸ் நகரப் பெரிய மருத்துவமனைக்கே கொண்டுபோனார்கள். மறுநாள் அவரும் இறந்தார்.

நடிகர் அஜித்குமார் 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது சுவரில் மோதி, கார் சுழன்று நின்ற பிறகு தானே இறங்கி நடந்து வந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'தல கெத்து' என்று பகிர்ந்தோம். அவர் நடந்து வந்ததற்கு முக்கியக் காரணம் அந்தக் காருக்குள் இருந்த இரும்புக் கூண்டு, பெல்ட், ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை. பைபாஸில் அரைக்கை சட்டையும் ரப்பர் செருப்புமாக ஓட்டுகிற பையனுக்கு இதில் எது இருக்கிறது?

நம்ம பள்ளத்தாக்கில் பறக்குமா?

சரி, வாசகர் கேட்ட கேள்விக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் வேலை செய்யுமா?

தேனி மாவட்டம் ஹெலிகாப்டரைப் பார்க்காத மாவட்டம் இல்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடி பக்கம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். தகவல் வந்து ஆட்கள் மேலே ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த ராத்திரி ஊர்க்காரர்களும் வனத்துறை, தீயணைப்பு, போலீஸ்காரர்களும்தான் இருட்டில் மலை ஏறினார்கள். போர்வையில் கட்டித் தோளில் தூக்கி இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் மீட்பில் இறங்கின. ஆனால் இருட்டில், புகையில், செங்குத்துச் சரிவில் ஹெலிகாப்டரால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதை அன்று நாம் கண்ணால் பார்த்தோம். மொத்தம் 23 பேர் போனார்கள்.

இப்போது ராயப்பன்பட்டிக்குக் கணக்குப் போடுவோம். மதுரையில் ஒரு ஹெலிகாப்டர் தயாராக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர்க்கோட்டில் 80 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் 25 நிமிடம் ஆகும். போன் வந்து, வானிலை பார்த்து, இன்ஜின் கிளப்ப ஒரு பத்து நிமிடம். இறங்கி, முதலுதவி செய்து, ஆளை ஏற்ற ஒரு பதினைந்து நிமிடம். திரும்பிப் போக 25 நிமிடம். கூட்டினால் ஒன்றே கால் மணி நேரம்.

ரோட்டில்? 108 வண்டி வர ஒரு கால் மணி நேரம் என்று வையுங்கள். அங்கிருந்து க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒரு மணி நேரம். ஆக அதுவும் ஒன்றே கால் மணி நேரம்தான். கணக்கு இழுபறி!

ஆனால் இரண்டு வித்தியாசம் உண்டு. ஹெலிகாப்டரில் டாக்டர் வந்தால், முப்பத்தைந்தாவது நிமிடத்திலேயே அடிபட்டவரின் தலைமாட்டில் டாக்டர் இருப்பார். இன்னொன்று, பெரிய தலைக்காயம் என்றால் ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்து, பிறகு மதுரைக்கு அனுப்பி என்று இரண்டு பயணம் வேண்டாம். நேராக மதுரையில் கொண்டுபோய் இறக்கலாம். ஆகவே ஹெலிகாப்டர் ஆடம்பரம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

எங்கே இறங்கும் என்பது அடுத்த கேள்வி. ஹெலிகாப்டருக்குத் தட்டையான, கம்பியில்லாத, தூசி கிளம்பாத இடம் வேண்டும். ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கம் எங்கே பார்த்தாலும் திராட்சைப் பந்தல். கல்தூணும் கம்பி வலையும்தான். பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த அதே பந்தல்கள், ஹெலிகாப்டருக்கு வலை விரித்தது மாதிரி. மீதி இடத்தில் தென்னந்தோப்பு, மின்கம்பி. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாக வருகிற காற்று சொல்லவே வேண்டாம். காற்றாலை சுற்றுகிற மாவட்டம் இது. மேகமலைக்குப் பேரே மேகமலை! இறங்குவதற்கு மிச்சமிருப்பது பள்ளிக்கூட மைதானங்கள்தான். எந்த மைதானம், சாவி யாரிடம், கூட்டத்தை யார் விலக்குவது என்று முன்னாலேயே எழுதி வைத்தால்தான் உண்டு.

இந்தியாவில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. உத்தரகாண்டில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனை 2024 அக்டோபர் 29 அன்று 'சஞ்சீவனி' ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைத் தொடங்கியது. மலை மாநிலத்துக்குத் தேவையான சேவை. ஆனால் 2025 மே 17 அன்று கேதார்நாத்தில் இறங்கும்போது அந்த ஹெலிகாப்டரே விபத்துக்குள்ளாயிற்று. நல்லவேளை, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். மலையில் பறப்பது அவ்வளவு லேசு இல்லை.

கையில் இருப்பது என்ன?

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897 பேர். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இது மத்திய அரசின் கணக்கு. ஐல் ஆஃப் மேன் மலைப் பாதை நூறு ஆண்டுக்கு மேல் எடுத்த உயிர்களை நம் ரோடுகளில் இரு சக்கர வண்டிகள் இரண்டே நாளில் எடுத்துவிடுகின்றன.

ஆகவே ஹெலிகாப்டர் வரட்டும், கேட்போம். அதுவரை கையில் இருப்பதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. 2016-ல் பைக் ஆம்புலன்ஸும் வந்தது. ஹைண்ட்ஸ் செய்ததன் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கினால், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. சபரிமலை சீசனில் கம்பம், குமுளி வழியாகப் போகிற வெளிமாநில ஐயப்ப பக்தருக்கும் இது பொருந்தும். 2025 மே மாதம் முதல் மத்திய அரசும் ஏழு நாட்களுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லா சிகிச்சை என்று அறிவித்திருக்கிறது. 'பணம் கட்டினால்தான்' என்று யாராவது சொன்னால் இந்தத் திட்டங்களின் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

'தூக்கினா கேஸ் நம்ம மேல வரும்' என்ற பயமும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உதவி செய்கிறவர் மேல் வழக்கு வராது என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 134-ஏ பிரிவு சொல்கிறது. பேர், விலாசம் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

முதல் பத்து நிமிடம்

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் பின்னால் வருகிற வண்டியை நிறுத்துங்கள். ஒருவர் டார்ச்சோ துண்டோ ஆட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். ஒருவரைக் காப்பாற்றப் போன நான்கு பேர் அடிபட்ட கதை நம்மூரில் நிறைய.

108-க்கு அழைக்கும்போது ஊர் பேரோடு அடையாளமும் சொல்லுங்கள். 'பைபாஸ்' என்றால் போதாது. எந்தப் பாலம், எந்தப் பெட்ரோல் பங்க், எந்தப் பக்கம் போகிற ரோடு என்று சொல்ல வேண்டும். எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா, ரத்தம் போகிறதா என்றும் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் முன் நீங்கள் போனை வைக்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவார்கள்.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி.

மூச்சு ஒழுங்காக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற அவசரப்படாதீர்கள். கழுத்து எலும்பு அடிபட்டிருக்கலாம். மூச்சு இல்லை, வாந்தி அடைக்கிறது என்றால்தான் கழற்ற வேண்டும். அப்போதும் ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் தாங்க, இன்னொருவர் மெல்ல இழுக்க வேண்டும்.

தண்ணீர், சோடா, காபி எதுவும் கொடுக்காதீர்கள். நம்மூர்ப் பாசம் உடனே சோடா உடைக்கும். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழலில் போய் அடைக்கும். ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தாலும் இடைஞ்சல். உதட்டை நனைக்கக்கூட வேண்டாம்.

மடக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரவே வராது என்கிற நிலைமையில் மட்டும், நான்கு பேர் சேர்ந்து தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக இருக்கும்படி பலகையிலோ கெட்டிப் போர்வையிலோ தூக்குங்கள்.

இதற்கு ஹெலிகாப்டர் வேண்டாம். டிப்ளமோ வேண்டாம். ஊருக்குப் பத்துப் பேர் ஒரு நாள் பயிற்சி எடுத்தால் போதும்.

விழாக் கமிட்டிக்கும் வீட்டுக்கும்

நம் பள்ளத்தாக்கில் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் உயிர். தேன்சிட்டு, தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு என்று மாட்டின் தரம் பிரித்து ஓட விடுவோம். வண்டிகளுக்குப் பின்னால் நூறு பைக் கத்திக்கொண்டே துரத்தும். அந்தப் பைக்குகளில் ஒன்று விழுந்தால் பின்னால் வருகிற எல்லாம் மேலே ஏறும். நோட்டீஸில் பரிசுத் தொகை, கொடி, மாலை எல்லாம் அச்சடிக்கிறோம். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று அச்சடிக்கிறோமா? எந்த ரோடு மூடினாலும் ஒரு வழி ஆம்புலன்ஸுக்குத் திறந்திருக்கும் என்று யாராவது பொறுப்பு எடுக்கிறார்களா? டிடி-யின் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஆம்புலன்ஸ் வந்து நின்றால் கொடி அசையும், இல்லாவிட்டால் அசையாது.

பைபாஸ் ரேஸ் விஷயத்தில் இந்த விதியும் செல்லாது. பொது ரோட்டில் அனுமதியில்லாமல் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ம் பிரிவின்படி குற்றம். முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டி மாட்டினால், வண்டி கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

ஆனால் சட்டத்தைச் சொல்லி மட்டும் பிள்ளையைத் திருத்த முடியாது. அவனிடம் டிடி-யைப் பற்றியே பேசுங்கள். 'அந்த ரோட்டில் எதிரே லாரி வருமா? வராது, மூடியிருக்கிறார்கள். வளைவுக்கு வளைவு கொடி பிடித்து ஆள் நிற்கிறானா? நிற்கிறான். மேலே ஹெலிகாப்டர் இருக்கிறதா? இருக்கிறது. அத்தனையும் இருந்தும் அங்கே ஆள் செத்துப்போகிறான். நம்ம ரோட்டில் இதில் ஏதாவது ஒன்று இருக்கிறதா, தம்பி?' என்று கேளுங்கள். ரேஸ் ஓட்ட உண்மையிலேயே ஆசை இருக்கிறதா? கோவையிலும் சென்னையிலும் முறையான பயிற்சியும் உரிமமும் இருக்கிறது. பணம் செலவாகும், ஆபத்தும் உண்டு. அங்கே விழுந்தால் பின்னால் வருகிறவனை நிறுத்த ஒரு சிவப்புக் கொடியாவது இருக்கும்.

ராயப்பன்பட்டி வாசகருக்கு என் பதில் இதுதான். ஹெலிகாப்டர் கேட்டு மனு எழுதுங்கள், தப்பே இல்லை. வட அயர்லாந்தின் மக்கள்தொகை 20 லட்சத்தை ஒட்டி. தேனி மாவட்டமே 2011 கணக்கில் 12 லட்சத்தைத் தாண்டியது. அவர்களால் முடிந்தது தென்மாவட்டங்கள் சேர்ந்து கேட்டால் நமக்கும் முடியும். அந்த மனுவில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: எங்கள் ஊரில் ஹெலிகாப்டர் இறங்க இந்த மைதானம் இருக்கிறது, அது வரும் வரை அடிபட்டவரைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்த பத்துப் பேர் இருக்கிறோம். அந்தப் பத்துப் பேரில் முதல் பேர் உங்கள் பையனுடையதாக இருக்கட்டும்.